ஒரே திடலில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்: கூட்டத்தையும் வண்டிகளையும் சமாளிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் செம்பனைத் தோட்டங்களில் ஒன்றில்தான் எங்கள் கிளப் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காற்பந்துப் போட்டி நடத்தினோம். இரண்டு முறையும் செயலாளர் நான்தான். மூத்தோர் ஆட்டம் முதலில், அதை அடுத்து பொதுப் பிரிவு இறுதியாட்டம், எல்லாம் ஒரே மாலையில்.

முதல் ஆண்டு மாலை ஐந்தேகால் மணிக்கு லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே முச்சந்திக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு 600 மீட்டர்கூட இருக்காது. சாலையின் இரண்டு ஓரத்திலும் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் உள்ளே வரும் கார்களும் வெளியே போகும் கார்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஆம்புலன்ஸ் அசையவில்லை. நான்கு பையன்கள் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முச்சந்தி வரைக்கும் ஓடினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். ஒரு கால் வளைந்துபோன அந்த நாற்காலியை இன்னும் கிளப் ஸ்டோரில் வைத்திருக்கிறோம், யாரும் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்லி.

தப்பு எங்கள் குழுவுடையது. வெற்றிக் கிண்ணத்துக்கும் ஜெர்சிக்கும் மூன்று மாதம் அலைந்தோம். வண்டி எங்கே நிற்கும் என்பதைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. இரண்டாம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றினோம். உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தாமான் குடியிருப்பிலோ இப்படி ஒரு போட்டி வைக்க நினைத்தால், நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

1. திடல் யாருடையது, சாலை யாருடையது?

முதலில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதி வையுங்கள். இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்.

திடல் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் மேனேஜரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். "சரி, விளையாடிக்கங்க" என்று அவர் வாயால் சொன்னது போலீஸ் நிலையத்தில் செல்லாது. நகராண்மைக் கழகத்தின் திடல் என்றால் விண்ணப்பப் பாரம், வாடகை, முன்பணம் மூன்றும் உண்டு. எங்கள் பகுதிக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். தமிழ்ப்பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியர் தலையாட்டினால் மட்டும் போதாது, மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

சாலை விஷயம் இன்னும் சிக்கல். கூட்டரசுச் சாலையைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை, அங்கே வண்டிகளை நிறுத்தவும் திருப்பவும் அதிகாரம் போலீசுக்குத்தான். கேட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் செம்மண் சாலை தோட்டத்துடையது. அங்கே போலீஸ் நின்று வழிகாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் ஆட்களும் தோட்டத்து ஜாகாவும் (காவலாளி) பார்க்க வேண்டிய வேலை.

மேனேஜரைப் பார்க்கப் போகும்போது ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்: குலை லோரி எந்த வழியாகப் போகும்? வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவில்லை என்றால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். அதனால் விளைச்சல் அதிகமான மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகூட லோரி ஓடும். எங்களுக்கு இதைப் புரிய வைத்தவர் ஒரு பழைய மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்). "ஆட்டத்த நீ எப்ப வேணா வைய்யி தம்பி, லோரிய மட்டும் நிறுத்திப்புடாத" என்றார். நாங்கள் கடிதத்திலேயே "லோரிகள் ஆலைச் சாலை வழியாகத் தடையின்றிப் போகும்" என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் மேனேஜர் பின்பக்க கேட்டைத் திறந்துவிட ஒத்துக்கொண்டார். பின் கேட்டு திறந்ததுதான் எங்கள் இரண்டாம் ஆண்டைக் காப்பாற்றியது.

2. நேரத்தை சூரியனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்

தோட்டத் திடலில் விளக்கு இருக்காது. பேராக்கில் நவம்பரில் ஏழு மணிக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடும். ஜூலையில் ஏழரை வரை வெளிச்சம் உண்டு. முழு ஆட்டம் இரண்டு வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடியும் 45, காயத்துக்கான கூடுதல் நேரம் என்று ஒரு ஆட்டத்துக்கு 1 மணி 50 நிமிடம். இரண்டு ஆட்டத்துக்கு 3 மணி 40 நிமிடம். நடுவில் கூட்டம் மாற 40 நிமிடம். மொத்தம் 4 மணி 20 நிமிடம். அப்படியானால் பிற்பகல் இரண்டரைக்கே முதல் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஐம்பது வயதைத் தொட்ட மூத்தோர் அணி அந்த வெயிலில் ஓடக் கூடாது.

நாங்கள் பாதிக்கு 35 நிமிடம், இடைவேளை 10 நிமிடம் என்று குறைத்தோம். முதல் ஆட்டம் 3.15 முதல் 4.40 வரை. இரண்டாவது 5.20 முதல் 6.45 வரை. பரிசளிப்பு ஏழு மணிக்குள் முடிந்தது. மஃரிப் தொழுகை அழைப்புக்கு முன் ஒலிபெருக்கியை நிறுத்த முடிந்ததும் இதனால்தான். பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமம்) மக்களுடன் மனக்கசப்பு வராமல் இருக்க இதைக் கட்டாயம் பாருங்கள்.

முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கூடுதல் ஆட்டநேரம் வேண்டாம், நேரே பினால்டி. கூடுதல் நேரம் வைத்தால் முழுசாக அரை மணி போய்விடும். வெளியே வந்து காத்திருக்கும் இரண்டாவது ஆட்டத்துக் கூட்டம் அந்த அரை மணியில் முச்சந்தியை அடைத்துவிடும். இதைப் போட்டி விதிகளில் முன்கூட்டியே அச்சடித்து எல்லா அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மழைக்கும் ஒரு விதி எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மேற்குக் கரையில் மாலை இடிமழை சாதாரணம். இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திடலில் இறங்கக் கூடாது. பார்வையாளர்களும் செம்பனை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. காருக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ போகச் சொல்லுங்கள். அரை மணி போனால் இரண்டாவது ஆட்டம் பாதிக்கு 25 நிமிடம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அன்றைக்கு உட்கார்ந்து விவாதித்தால் இருட்டிவிடும்.

இன்னொன்று, யாருக்காகவும் தொடக்க நேரத்தைத் தள்ளாதீர்கள். முதல் ஆண்டு ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வருகைக்காக 25 நிமிடம் காத்திருந்தோம். அந்த 25 நிமிடம்தான் ஐந்தேகால் மணி நெரிசலில் போய் முடிந்தது. பிரமுகரை இரண்டாவது ஆட்டத்தின் பரிசளிப்புக்கு அழையுங்கள். தாமதமானாலும் ஆட்டம் பாதிக்கப்படாது.

3. எத்தனை பேர் வருவார்கள்?

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் விழுகிறோம். நாங்கள் போட்ட கணக்கு இது: முதல் ஆட்டத்துக்கு 300 பேர், இரண்டாவதுக்கு 500 பேர், முதல் கூட்டம் போனதும் இரண்டாவது வரும், ஆகவே திடலில் எந்த நேரத்திலும் 500 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

ஒருவர்கூடக் கிளம்பவில்லை. அப்பா மூத்தோர் அணியில் விளையாடினார், மகன் பொதுப் பிரிவில் விளையாடினான். குடும்பம் எதற்குப் போகும்? இரண்டாவது ஆட்டத்துக்கு வந்தவர்களும் சும்மா கிடைக்கும் ஒரு ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று நான்கரைக்கே வந்துவிட்டார்கள். இரட்டை ஆட்டத்தில் கழித்தல் கிடையாது, கூட்டல் மட்டுந்தான். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து வரும் எண்ணிக்கைக்கே இடம், தண்ணீர், கழிப்பறை, வண்டி நிறுத்தம் எல்லாவற்றையும் திட்டமிடுங்கள். உச்ச நேரம் முதல் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் தொடங்கி, இரண்டாவது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை நீடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளித்தால் மற்ற நேரம் தானாக ஓடும்.

போட்டி நடக்கும்போது ஆட்களை எண்ண ஒரு எளிய வழி உண்டு. திடலைச் சுற்றிக் கட்டும் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்து வையுங்கள். 105 மீட்டர் திடலின் இரண்டு நீளப் பக்கமும் சேர்த்து 210 மீட்டர், அதாவது 21 பகுதிகள். கூட்டம் அடர்த்தியான ஒரு பகுதியிலும் மெலிந்த ஒரு பகுதியிலும் தலைகளை எண்ணி, சராசரி எடுத்து, 21ஆல் பெருக்குங்கள். இரண்டாம் ஆண்டு ஐந்து மணிக்கு ஒரு பையனை அனுப்பி எண்ணச் சொன்னேன். அடர்ந்த பகுதியில் 62, மெலிந்ததில் 28. சராசரி 45, மொத்தம் 945. கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் தனி. இந்தக் கணக்கை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டுக் கடிதத்தில் "ஏறக்குறைய ஆயிரம் பேர்" என்று தைரியமாகப் போடலாம். போலீஸ் அதிகாரிகளும் மதிப்பார்கள்.

கயிறு கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். துணை நடுவர் ஓட இடம் வேண்டும்.

4. கடிதங்களும் காலக்கெடுவும்

எல்லாக் கடிதமும் மலாய் மொழியில். கையில் இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பு (முத்திரை) குத்தி வாங்குங்கள். "குடுத்தாச்சு" என்பதற்கு அந்தச் சாப்பு மட்டுமே சாட்சி. ஒரு அலுவலகத்தில் எங்கள் கடிதம் மூன்று வாரம் யார் மேசையிலும் இல்லாமல் போனது. சாப்பு இருந்ததால் மறுநாளே வேறு நகல் வைத்துப் பேச முடிந்தது.

ஆறு வாரத்துக்கு முன்: திடல் உரிமையாளருக்குக் கடிதம். அதே வாரத்தில் உங்கள் கிளப்பின் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லை என்றால் இந்த ஆண்டே வாங்கிவிடலாம் என்று நம்பி உட்காராதீர்கள். பதிவுள்ள ஒரு கிளப்பை ஏற்பாட்டாளராகப் போட்டு அவர்களோடு சேர்ந்து நடத்துங்கள். நடுவர்களுக்கும் இந்த வாரமே மாவட்டக் காற்பந்துச் சங்கத்திடம் பேசுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரே குழு இரண்டையும் நடத்துமா, வேறு குழு வருமா என்பது செலவை மாற்றும்.

நான்கு வாரத்துக்கு முன்: மாவட்டப் போலீஸ் தலைவருக்குக் கடிதம், நகல் போக்குவரத்துப் பிரிவுக்கு. இணைக்க வேண்டியவை: திடல் உரிமையாளரின் அனுமதிக் கடிதம், கிளப் பதிவுச் சான்றிதழ், பொறுப்பாளர்கள் மூவரின் அடையாள அட்டை நகல், தொலைபேசி எண்கள், அணிகளின் பெயர்ப் பட்டியல், தொடக்க முடிவு நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், வரைபடம். ஒலிபெருக்கி வைப்பதையும் இதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். வரைபடம் அழகாக இருக்க வேண்டியதில்லை. முச்சந்தி, கேட்டு, கார் நிறுத்தம், மோட்டார் நிறுத்தம், ஆம்புலன்ஸ் பாதை, வெளியேறும் வழி ஆறும் தெரிந்தால் போதும்.

அதே வாரத்தில் ரேலா (மக்கள் தொண்டர் படை), செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படை, மாவட்ட மருத்துவமனை மூன்றுக்கும் கடிதம். மருத்துவமனைக்கு எதற்கு என்று கேட்பார்கள். எந்த வழி திறந்திருக்கும் என்பது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

சாப்பாட்டுக் கடைகள் போட விடுகிறீர்களா? கடைக்காரர்கள் நகராண்மைக் கழகத்தில் தற்காலிக உரிமம் எடுக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஊசி அட்டையின் நகலைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். சோதனைக்கு வந்தால் கடைக்காரரை மட்டும் கேட்க மாட்டார்கள்.

டிக்கெட் விற்க வேண்டாம் என்பது என் கருத்து. காசு வாங்கி உள்ளே விடும் விளையாட்டு கேளிக்கை வரிச் சட்டத்துக்குள் வந்துவிடும், வேலை இரட்டிப்பாகும். கேட்டில் டிக்கெட் கிழிக்க நின்றால் அந்த வரிசை அப்படியே சாலைக்கு நீளும், அது வேறு.

இரண்டு வாரத்துக்கு முன்: போக்குவரத்துப் போலீசை முச்சந்திக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அலுவலகத்தில் வரைபடத்தை விரித்துத் திடலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். சார்ஜன் கையமர்த்திச் சொன்னார்: "திடல்ல நடக்கறத நீங்க பாத்துக்குவீங்க. எனக்கு அந்த முச்சந்திய மட்டும் காட்டுங்க." நேரில் வந்து நின்று பார்த்த பிறகு, ஆட்டம் முடிந்ததும் பெரிய சாலையை இரண்டிரண்டு நிமிடமாக நிறுத்திவிட ஒத்துக்கொண்டார். அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது ஐந்தாவது பகுதியில் புரியும்.

ஒரு வாரத்துக்கு முன்: லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ். எந்த நேரம் எந்தச் சாலை ஒருவழி, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி, வீடு வீடாகக் கையில் கொடுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்கள், டயாலிசிசுக்குப் போகிறவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் ஏழு வீடுகள் இருந்தன. அந்தப் பட்டியல் ஆம்புலன்ஸ் பாதையைப் பார்த்துக்கொண்ட பொறுப்பாளரின் சட்டைப்பையில் இருந்தது.

5. வண்டிகள்

தோட்டக் கூட்டம் பெரும்பாலும் மோட்டாரில் வரும். கார்களைப் பற்றி மட்டும் யோசித்தால் தோற்றுவிடுவீர்கள்.

இடக் கணக்கு இப்படி: ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சேர்த்து 25 சதுர மீட்டர். ஒரு மோட்டாருக்கு 3 சதுர மீட்டர். ஒரு காற்பந்துத் திடல் 105க்கு 68 மீட்டர், ஏறக்குறைய 7,100 சதுர மீட்டர். உங்களிடம் அந்த அளவில் ஒரு காலி நிலம் இருந்தால் 280 கார்கள் நிற்கும். அதே நிலத்தின் ஆறில் ஒரு பங்கில் 400 மோட்டார்கள் நின்றுவிடும். எனவே மோட்டார்களுக்குத் திடலுக்கு மிக அருகில் இடம் கொடுங்கள், கார்களைத் தள்ளி வையுங்கள். அருகில் இடம் கொடுக்கவில்லை என்றால் மோட்டார்காரர்கள் சாலையோரத்தில் தாங்களே இடம் பிடிப்பார்கள். எங்கள் முதல் ஆண்டு நெரிசலில் பாதி அதனால் வந்தது.

எல்லா வண்டியும் முகம் வெளியே பார்த்து நிற்க வேண்டும். உள்ளே வரும்போது ஒவ்வொருவராக வருவதால் பின்னோக்கி நிறுத்த நேரம் இருக்கும். போகும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னோக்கி எடுத்தால் ஒருவரும் போக முடியாது.

வரிசைகளுக்குத் திடலில் கோடு போடும் சுண்ணாம்பையே பயன்படுத்தலாம், ஆனால் மழை வந்தால் கரைந்துபோகும். மூங்கில் குச்சி நட்டு ராஃபியா கயிறு கட்டுங்கள். லோங்காங் (வடிகால்) ஓரம் முழுக்கக் குச்சி நட்டே ஆக வேண்டும். புல் மூடிய லோங்காங் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. முதல் ஆண்டு ஒரு மைவி காரின் முன்சக்கரம் இறங்கி, பின்னால் வந்த இருபது கார்கள் நின்றன. மழைக்குப் பிறகு செம்மண்ணில் கார்கள் புதையும். தோட்டத்து டிராக்டர் ஒன்றும் ஓட்டுநரும் இரும்புச் சங்கிலியும் தயாராக இருக்கட்டும். டீசல் காசு மட்டும் கொடுத்தோம்.

இனி முச்சந்திக்கு வருவோம். செம்மண் சாலையிலிருந்து கூட்டரசுச் சாலைக்கு, யாரும் வழிவிடாமல் தானாக நுழைய வேண்டும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை கார் போகும்? ஒரு சாதாரண ஞாயிறு மாலையில் நான் அங்கே நின்று எண்ணினேன். ஏழெட்டுத்தான். 150 கார்கள் வெளியேற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒருவரும் தகராறு செய்யாமல் இருந்தால். சார்ஜன் பெரிய சாலையை நிறுத்திவிட்டபோது நிமிடத்துக்கு இருபதுக்கு மேல் போனது. உங்கள் முச்சந்தியில் நீங்களும் ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் போலீசிடம் பேசுவது எளிது.

ஒருவழிச் சுற்று அமைக்க முடிந்தால் அமையுங்கள். முன் கேட்டில் நுழைவு, பின் கேட்டில் வெளியேற்றம். எதிரெதிரே வண்டி சந்திக்கவே கூடாது. பின்வழி லோரிச் சாலை என்றால் லோரி ஓட்டுநர்களிடமும் ஆலை வாசலில் இருப்பவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் ஒட்டினால் படிக்க மாட்டார்கள்.

வெளியூர் அணிகள் பஸ்ஸில் வந்தால் பஸ்ஸைச் செம்மண் சாலைக்குள் விடாதீர்கள். 12 மீட்டர் பஸ் திரும்ப இடம் இருக்காது. பெரிய சாலையிலேயே ஆட்டக்காரர்களை இறக்கி, வேனில் உள்ளே கூட்டி வந்தோம்.

6. ஆம்புலன்ஸ் பாதை

மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள். மூன்றரை மீட்டர் அகலம், முச்சந்தியிலிருந்து திடல் வரைக்கும், திடலிலிருந்து லயத்து வீடுகள் வரைக்கும். காலையிலேயே இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணி போட்டோம். இருபது மீட்டருக்கு ஒரு ஆள் வைக்க முடியாது, அதனால் ஐந்து பேரை இரண்டு இரண்டு மணி நேரம் மாற்றி நிறுத்தினோம். "அண்ணே, அஞ்சு நிமிசந்தான், தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று யாராவது மோட்டாரைக் கயிற்றுக்குள் நுழைப்பார்கள். முதல் மோட்டாரைத் தடுத்துவிட்டால் மற்றவர் வரமாட்டார். முதல் மோட்டாரை விட்டால் பத்து நிமிடத்தில் பாதை போய்விடும். இந்த வேலைக்கு ஊரில் எல்லாரும் மதிக்கும் பெரியவர்களைப் போடுங்கள், சின்னப் பையன்களைப் போடாதீர்கள். பையன்களால் தங்கள் மாமாவைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வேனை அந்தப் பாதையில் முழுசாக ஓட்டிப் பாருங்கள். நாங்கள் ஓட்டியபோது கேனோப்பிக் கூடாரத்தின் ஒரு கால் பாதைக்குள் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. நடந்து பார்த்தபோது யார் கண்ணிலும் படவில்லை.

7. இடையில் இருக்கும் நாற்பது நிமிடம்

இந்த நாற்பது நிமிடத்தை வெறுமனே விட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கடைக்கும் கழிப்பறைக்கும் மோட்டாருக்கும் நடப்பார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பினால்டி உதை வைத்தோம். அம்மா அப்பாக்கள் நகரவில்லை; கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து சேர்ந்தது.

கிளம்ப விரும்புகிறவர்களுக்குப் பின் கேட்டு திறந்திருக்கிறது என்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை, தமிழிலும் மலாயிலும் அறிவியுங்கள். தோற்ற அணியின் ஆதரவாளர்களும் வென்ற அணியின் ஆதரவாளர்களும் ஒரே வாசலில் சந்திக்காதபடி வண்டி நிறுத்தத்தை முன்பே பிரித்து வையுங்கள். சாராயத்தை உள்ளே விடாதீர்கள். நான் பார்த்த மூன்று தகராறும் இந்த நாற்பது நிமிடத்தில், கார் பூட்டிலிருந்து எடுத்த பாட்டிலோடு தொடங்கியவை.

8. செலவு

எங்கள் இரண்டாம் ஆண்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊரில் கூடும், குறையும். கழிப்பறை நான்கு, வாடகை 720 வெள்ளி (ரிங்கிட்). நடுவர்கள் 640. கேனோப்பி, நாற்காலி 550. உதவியாளர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் 420. பொதுமக்கள் காப்புறுதி 380. ஒலிபெருக்கி 350. செயின்ட் ஜான் படைக்கு நன்கொடை 250. பளிச்சென்று தெரியும் மேற்சட்டை இருபது, 180. சுண்ணாம்பு, ராஃபியா, மூங்கில், வழிகாட்டிப் பதாகை 165. குப்பை அள்ள 150. டிராக்டர் டீசல் 80. மொத்தம் 3,885 வெள்ளி. திடலுக்கு முன்பணம் 500 தனி, அது திரும்பி வரும். சாலைக் கூம்புகள் இரவல்.

இதில் வண்டிக்கும் கூட்டத்துக்கும் என்று பார்த்தால் சாப்பாடு, மேற்சட்டை, கயிறு, டீசல் எல்லாம் சேர்த்து 845 வெள்ளி. முதல் ஆண்டு அதே கணக்கில் நாங்கள் செலவழித்தது 60 வெள்ளி, ஒரே ஒரு பதாகை. கிண்ணத்தின் உயரத்தை ஒரு சாண் குறைத்தாலே இந்தக் காசு வந்துவிடும். நன்கொடை கேட்கப் போகும்போதும் "கூட்டப் பாதுகாப்புக்கு" என்று தனியாகக் கேளுங்கள். கடைக்காரர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெயிலில் ஆறு மணி நேரம் நிற்கும் ரேலாக்காரருக்கும் பையன்களுக்கும் பிற்பகல் ஒன்றரைக்கே சோறு போட்டுவிடுங்கள். பசியோடு நிற்கிறவர் நான்கு மணிக்குத் தன் இடத்தை விட்டுப் போய்விடுவார்.

9. அன்றைக்கு

ஒரு பொறுப்பாளர் முச்சந்தியில், ஒருவர் வண்டி நிறுத்தத்தில், ஒருவர் ஆம்புலன்ஸ் பாதையில், ஒருவர் மேடையில். நான்கு பேருக்கும் வாக்கி டாக்கி. வாட்சாப் குழு போதும் என்று முதல் ஆண்டு நினைத்தோம். மழைத்தூறலில் யாரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை. இந்த நால்வரில் யாரும் ஆட்டக்காரராகவோ அணி நிர்வாகியாகவோ இருக்கக் கூடாது. கோல் விழும்போது திரும்பிப் பார்க்காமல் சாலையைப் பார்க்கிறவர்தான் வேண்டும்.

ஏதாவது நடந்தால் முதலில் அவசர எண் 999. பிறகு முச்சந்திப் பொறுப்பாளருக்குச் சொல்லி வழியைத் திறக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எந்த கேட்டுக்கு வர வேண்டும் என்பதை 999இல் பேசுகிறவர் தெளிவாகச் சொல்ல, அந்த வாசகத்தை ஒரு அட்டையில் மலாயில் எழுதி நால்வரிடமும் கொடுங்கள். பதற்றத்தில் வார்த்தை வராது.

10. கடைசி வண்டி போகும் வரை

இறுதி விசில் ஊதியதும் எல்லாப் பொறுப்பாளர்களும் கிண்ணத்தோடு படம் எடுக்க ஓடுவார்கள். முச்சந்தியில் நிற்பவரும் ஆம்புலன்ஸ் பாதையில் நிற்பவரும் ஓடக் கூடாது. வெளிச்சம் மங்கும் நேரம் அது, மோட்டார்கள் வேகமெடுக்கும் நேரம். கையில் டார்ச் லைட் இருக்கட்டும். பிள்ளைகள் நடந்து போகும் பாதையைக் கார் வெளியேறும் வழியிலிருந்து கயிறு கட்டிப் பிரியுங்கள். முதலில் பாதசாரிகள், அடுத்து மோட்டார்கள், கடைசியில் கார்கள் என்ற வரிசையில் விட்டோம். ஏழு மணி முப்பத்தைந்துக்கு கடைசிக் கார் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் குப்பையும் கயிறும் குச்சியும் எடுத்தாக வேண்டும். மண்ணில் விட்ட மூங்கில் குச்சி அடுத்த நாள் புல் வெட்டும் மெஷினில் மாட்டும். டிராக்டர் சக்கரம் போட்ட பள்ளத்தை மண் போட்டு மூடுங்கள். திடலைச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களையும் முன்பண ரசீதின் அசலையும் ஒரே உறையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ரசீதின் நகலைக் கொடுத்தால் முன்பணம் திரும்பாது. எங்கள் பொருளாளர் அசலைத் தேடி இரண்டு நாள் அலைந்தார்.